மூன்றே சல்லடைகள்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு கம்பி போகிறது. பி.எஸ்.என்.எல். நிறுவனமும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து மன்னார் வளைகுடாவின் அடியில் போட்ட கண்ணாடி இழைக் கம்பி. 'பாரத் லங்கா கேபிள்' என்று பெயர். இந்தப் பக்கம் தூத்துக்குடியில் கடலில் இறங்கி, அந்தப் பக்கம் கொழும்பை ஒட்டிய கல்கிசையில் கரையேறுகிறது. முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே நீளம். 2006இல் திறந்துவைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன், 1906இல், வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழிக்காகத்தான்.

அந்தக் கம்பிக்குள் பாயும் ஒவ்வொரு தகவல் துண்டின் தலையிலும் இரண்டு முகவரிகள் இருக்கும். புறப்பட்ட இடம் ஒன்று, சேர வேண்டிய இடம் ஒன்று. இரண்டுமே எண்கள். 144.16.5.20 என்பதுபோல நான்கு எண்கள், இடையில் புள்ளிகள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம். கணினிக்குள் இந்தப் புள்ளிகள் கிடையாது. அங்கே இருப்பவை 32 பிட்டுகள். பூஜ்யமோ ஒன்றோ நிரம்பிய 32 இடங்கள். நம் கண்ணுக்கு வசதியாக அவற்றை எட்டெட்டாக வெட்டி எழுதுகிறோம்.

இந்த 32 பிட்டுகளுக்குள் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. முன்பகுதி எந்த வலையமைப்பு என்று சொல்லும். பின்பகுதி அந்த வலையமைப்புக்குள் எந்தக் கணினி என்று சொல்லும். வழியில் இருக்கும் ரவுட்டர்கள் முன்பகுதியைப் பார்த்தே துண்டை அடுத்த இடத்துக்குத் தள்ளுகின்றன. பின்பகுதி கடைசி வீட்டுக்காரர் கவலை. அப்படியானால் முன்பகுதி எங்கே முடிகிறது, பின்பகுதி எங்கே தொடங்குகிறது? 1981இல் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னார்கள். கிளாஸ் ஏ, கிளாஸ் பி, கிளாஸ் சி என்று கல்லூரியில் படித்திருப்போமே, அதுதான் அந்தப் பதில். பன்னிரண்டே ஆண்டுகள்தான் அது சட்டமாக இருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பங்கு வைத்ததன் விளைவை இந்தக் கடற்கரை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

பதிலைப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போவதற்கு முன் நம்மூர் லேண்ட்லைன் எண்ணைப் பார்த்துவிடலாம். முன்னால் போடும் பூஜ்யத்தை விட்டுவிட்டால் சென்னையின் எஸ்.டி.டி. எண் 44, அதன்பின் எட்டு இலக்கம். தூத்துக்குடிக்கு 461, பின்னால் ஏழு இலக்கம். திருச்செந்தூருக்கு 4639, பின்னால் ஆறு. மொத்தம் எப்போதும் பத்து. பெரிய நகரத்துக்கு முன்எண் குட்டை, உள்ளே இணைப்புகளுக்கு இடம் தாராளம். சின்ன ஊருக்கு முன்எண் நீளம், உள்ளே இடம் குறைவு. எக்ஸ்சேஞ்சுக்கு எங்கே வெட்ட வேண்டும் என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. 461 என்று வந்தால் அங்கேயே நிறுத்தலாம். 463 என்று வந்தால் இன்னும் ஓர் இலக்கம் படிக்க வேண்டும். வெட்டும் இடம் எண்ணின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. இணைய முகவரி வகுப்புகளின் சூட்சுமமும் இதுவேதான்.

முதலில் வகுப்பு என்ற பேச்சே இல்லை. 1969இல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் பிறந்தபோது முகவரிக்கு மொத்தமே எட்டு பிட்டுகள். ஆறு பிட்டுகள் எந்த இணைப்புப் பெட்டி என்று சொல்லும். மீதி இரண்டு, அந்தப் பெட்டியில் எந்தக் கணினி என்று. ஒரு பெட்டிக்கு நான்கு கணினிகள். கணினி ஒன்று ஓர் அறையையே அடைத்துக்கொண்ட காலத்தில் அது தாராளம்தான். 1974 மே மாதம் விண்ட் செர்ஃபும் பாப் கானும் பல வலையமைப்புகளை ஒன்றோடொன்று கோக்கும் முறையைக் கட்டுரையாக எழுதினார்கள். அதில் வலையமைப்புக்கு எட்டு பிட்டுகள் ஒதுக்கினார்கள். உலகத்துக்கே 256 வலையமைப்புகள். கண்ணுக்கெட்டிய காலம்வரை அது போதும் என்றுதான் கருதினார்கள். ஒரு நாட்டுக்கு ஒன்றிரண்டு பெரிய வலையமைப்புகள் இருக்கும் என்ற கணக்கு அது.

முகவரிக்கு 32 பிட்டுகள் என்று முடிவானது 1977இல். நீளம் மாறிக்கொண்டே இருக்கும் முகவரி வேண்டும் என்றார்கள் சிலர்; 128 பிட்டுகள் வேண்டும் என்றார்கள் சிலர். பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டே போக, திட்டத்தை நடத்திக்கொண்டிருந்த செர்ஃப் 32 என்று முடித்துவைத்தார். இது ஒரு சோதனைதானே, நிலைத்தால் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்ததாக அவரே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 32 பிட்டுகள் என்றால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். அன்றைய உலக மக்கள்தொகையே அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனால் முகவரி கணினிக்குத்தானே, மனிதருக்கா என்ன? 1981 ஆகஸ்டில் இணைந்திருந்த கணினிகள் 213.

1980 ஜனவரியில் வெளிவந்த முதல் வரையறையில் வெட்டு ஒரே இடத்தில்தான் இருந்தது: முதல் எட்டு பிட்டுகள் வலையமைப்பு, மீதி 24 பிட்டுகள் கணினி. எல்லா வலையமைப்பும் ஒரே அளவு, ஒவ்வொன்றும் 1.67 கோடி முகவரி கொள்ளும். ஆனால் அந்த ஆண்டே சூழல் மாறிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ், டி.இ.சி., இன்டெல் மூன்றும் சேர்ந்து ஈதர்நெட்டைப் பொது வரையறையாக வெளியிட்டன. ஒரு கட்டடத்துக்குள், ஒரு மாடிக்குள், பத்து இருபது கணினிகளைச் சேர்த்து ஒரு வலையமைப்பு அமைப்பது எளிதாகிவிட்டது. இப்படி ஆயிரக்கணக்கில் குட்டி வலையமைப்புகள் முளைத்தால் 256 இடம் எந்த மூலைக்கு? 32 பிட்டுகளைக் கூட்டவும் முடியாது. கருவிகளிலும் நிரல்களிலும் அது ஏறிவிட்டது. இருக்கும் நீளத்துக்குள்ளேயே வெட்டும் இடத்தை மாற்றியாக வேண்டும்.

1981 செப்டம்பரில், இணைய வரையறைகள் வெளியாகும் ஆர்.எஃப்.சி. என்ற ஆவண வரிசையில் ஆர்.எஃப்.சி. 791 வந்தது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஜான் போஸ்டல் தொகுத்த ஆவணம். இன்றைய இணையத்தின் அடித்தளம் அதுவே. அதில்தான் மூன்று வகுப்புகளும் முறையாகப் பிறந்தன.

மன்னார் வளைகுடாவின் முத்து வியாபாரிகள் அந்த மூன்றைப் பார்த்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். முத்துகளை அளவுவாரியாகப் பிரிக்க அவர்களிடம் பித்தளைச் சல்லடைத் தட்டுகள் பத்து இருந்தன. முதல் தட்டில் இருபது துளைகள். அடுத்ததில் முப்பது. பிறகு ஐம்பது, எண்பது, நூறு, இருநூறு, நானூறு, அறுநூறு, எண்ணூறு. கடைசித் தட்டில் ஆயிரம். தட்டின் பரப்பு அதேதான். துளைகள் குறைவென்றால் ஒவ்வொன்றும் பெரிது. துளைகள் கூடக்கூட ஒவ்வொன்றும் பொடி. தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு நடந்தது 1961இல். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, பசிபிக் கரையில் உட்கார்ந்து இணையத்துக்குச் செய்ததும் சல்லடைகள்தான். ஆனால் பத்து செய்யவில்லை. மூன்றே மூன்று செய்தார்கள்.

முதல் சல்லடை கிளாஸ் ஏ. முகவரியின் முதல் பிட் பூஜ்யமாக இருந்தால் அது ஏ. அடுத்த ஏழு பிட்டுகள் வலையமைப்புக்கு, மீதி 24 கணினிக்கு. ஆக 128 வலையமைப்புகள்தான் உண்டு. ஒவ்வொன்றிலும் 1,67,77,216 முகவரிகள். புள்ளி வைத்து எழுதும்போது முதல் எண் 0 முதல் 127 வரை இருந்தால் இந்த இனம். இரண்டாவது, கிளாஸ் பி: முதல் இரண்டு பிட்டுகள் 1, 0. வலையமைப்புக்கு 14 பிட்டுகள், கணினிக்கு 16. வலையமைப்புகள் 16,384, ஒவ்வொன்றிலும் 65,536 முகவரிகள். முதல் எண் 128 முதல் 191 வரை. மூன்றாவது, கிளாஸ் சி: முதல் மூன்று பிட்டுகள் 1, 1, 0. வலையமைப்புகள் 20,97,152; ஒவ்வொன்றிலும் 256 முகவரிகள். தலையும் வாலும் வேறு வேலைக்குப் போக 254தான் கணினிகளுக்கு மிஞ்சும். முதல் எண் 192 முதல் 223 வரை. அதற்கு மேலே இருந்ததை எதிர்காலத்துக்கு என்று மூடிவைத்தார்கள். பிறகு அதில் ஒரு பாதி, ஒரே தகவலைப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் வேலைக்குப் போய் கிளாஸ் டி ஆனது. மறு பாதி கிளாஸ் ஈ. 26 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள், இன்றுவரை பொதுப் புழக்கத்துக்கு வரவே இல்லை.

இந்த ஏற்பாட்டை இன்று முட்டாள்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ரவுட்டரின் நினைவகம் கிலோபைட் கணக்கில் இருந்த நாட்கள் அவை. முதல் மூன்று பிட்டுகளைப் பார்த்தால் போதும், எங்கே வெட்டுவது என்று தெரிந்துவிடும். முகவரியோடு கூடவே இன்னொரு குறிப்பைச் சுமந்து திரிய வேண்டாம். 1980இல் கொடுத்த பழைய எண்கள் அப்படியே கிளாஸ் ஏ-க்குள் அடங்கிவிட்டதால் யாரும் முகவரி மாற்றவும் வேண்டியிருக்கவில்லை. மூன்று பிட்டுகளைக் கொண்டு இவ்வளவு செய்தது நல்ல தச்சனின் வேலை. பிழை வேறோர் இடத்தில் இருந்தது: அளவையும் அடையாளத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டார்கள். 18 என்று தொடங்கும் முகவரியை வைத்திருப்பவருக்கு 1.67 கோடிக்குக் குறையாமல் கொடுத்தே ஆக வேண்டும். பாதி கொடு, கால் கொடு என்று சொல்ல வழியே இல்லை.

18ஐ எடுத்துக்காட்டாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமான எம்.ஐ.டி.க்குக் கிடைத்த கிளாஸ் ஏ. ஒரு கல்வி நிறுவனத்துக்கு 1.67 கோடி முகவரிகள். 2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 17.5 லட்சம், அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல். ஐ.பி.எம்.முக்கு 9, ஜெராக்ஸுக்கு 13, ஹியூலெட் பேக்கார்டுக்கு 15, டி.இ.சி.க்கு 16, ஆப்பிளுக்கு 17, ஃபோர்டு கார் கம்பெனிக்கு 19, ஸ்டான்ஃபோர்டுக்கு 36 என்று கொடுத்துக்கொண்டே போனார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பல தொகுதிகளை வைத்துக்கொண்டது. 127 என்று தொடங்கும் தொகுதி முழுவதையும், கணினி தனக்குத்தானே பேசிப் பார்க்கும் சோதனைக்கு ஒதுக்கினார்கள். அந்த வேலைக்கு ஒரு முகவரி போதும், போனது 1.67 கோடி. 32 பிட்டுகளில் சரிபாதி கிளாஸ் ஏ-யிலேயே அடங்கிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். அதாவது உலகின் முகவரிகளில் பாதி, நூற்றுச் சொச்சம் கைகளுக்கு மட்டுமே போகக்கூடிய ஏற்பாடு.

கொடுத்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். கேட்டவருக்குக் கொடுத்தார்கள், காசு வாங்காமல் கொடுத்தார்கள். எண்கள் யாருக்கு எது என்ற பதிவேட்டைப் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் கவனமாகப் பராமரித்தார்கள். ஸ்டான்ஃபோர்டு தன் தொகுதியை 2000இல் திருப்பிக் கொடுத்தது. அதற்காக அதை மதிக்கிறேன். எம்.ஐ.டி. 2017இல் தன்னிடம் மிஞ்சியிருந்ததில் 80 லட்சம் முகவரிகளை விற்க முடிவுசெய்தது, வாங்கியது அமேசான். இலவசமாக வந்தது விலைக்குப் போனது.

நம் பக்கம் என்ன நடந்தது? இந்தியாவின் கல்வி, ஆய்வு வலையமைப்பான எர்னெட் 1986இல் தொடங்கியது. மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அதை நடத்தியது. பம்பாயின் என்.சி.எஸ்.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.க்கள் ஆகியவை அதில் முதலில் சேர்ந்தவை. பம்பாயில் ஸ்ரீநிவாசன் ரமணி இதில் முன்நின்று உழைத்தார். 2014இல் இணையத்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். எர்னெட்டுக்குக் கிடைத்தது 144.16 என்று தொடங்கும் தொகுதி. 144 என்பதால் அது கிளாஸ் பி. 65,536 முகவரிகளை ஐ.ஐ.டி.க்களும் அறிவியல் கழகமும் தமக்குள் துண்டு போட்டுப் பகிர்ந்துகொண்டன. மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில், யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை இலங்கைப் பல்கலைக்கழகங்களைச் சேர்க்கும் 'லேர்ன்' வலையமைப்புக்கு 192.248 என்று தொடங்கும் முகவரிகள் வந்தன. 192, அதாவது கிளாஸ் சி வரிசை. முதல் எண்ணைப் பார்த்தாலே யார் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள், யார் கடைசிப் பந்திக்கு வந்தார்கள் என்று இன்றும் சொல்லிவிடலாம். இந்தியா முழுவதிலும் 84 கோடி மக்கள் இருந்த நாட்களில் நம் முன்னணிக் கல்விக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து பங்குபோட்ட தொகுதி, ஒரு எம்.ஐ.டி. வைத்திருந்ததில் 256இல் ஒரு பங்கு.

இதற்கிடையே சல்லடையின் துளை அளவுகள் யாருக்கும் பொருந்தாமல் போய்க்கொண்டிருந்தன. 2,000 கணினிகள் உள்ள ஒரு நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் சி-யின் 254 போதாது. கிளாஸ் பி கேட்டால் 65,536 கிடைக்கும்; அதில் 63,000க்கு மேல் சும்மா கிடக்கும். எட்டு கிளாஸ் சி வாங்கலாமே என்றால், உலகத்தின் மைய ரவுட்டர்கள் ஒவ்வொன்றிலும் இந்த ஒரு நிறுவனத்துக்காக எட்டு வரிகள் ஏறும். அதனால் எல்லாரும் பி கேட்டார்கள். 1985இல் ஜெஃப்ரி மோகலும் போஸ்டலும் ஒரு நிவாரணம் தந்தார்கள்: கிடைத்த தொகுதியை வாங்கியவர் தன் வளாகத்துக்குள் மேலும் துண்டாக்கிக்கொள்ளலாம். சப்நெட் என்று நாம் அன்றாடம் சொல்வது அன்று பிறந்ததுதான். வளாகத்துக்குள் அது பெரிய உதவி. வெளியே வகுப்பு வகுப்பாகவே இருந்தது.

1990 ஆகஸ்டில் கனடாவின் வான்கூவரில் இணையப் பொறியாளர்கள் கூடினார்கள். இதே வேகத்தில் போனால் 1994க்குள் கிளாஸ் பி காலியாகிவிடும் என்ற கணக்கை ஃபிராங்க் சொலென்ஸ்கி அங்கே முன்வைத்தார். அதோடு இன்னொரு ஆபத்தும் தெரிந்தது. கிளாஸ் சி-க்களை அள்ளி வீசினால் முகவரி கிடைக்கும். ஆனால் இருபது லட்சம் வலையமைப்புகளுக்கும் வழி நினைவில் வைத்திருக்க எந்த ரவுட்டராலும் முடியாது. பி தீரும், சி மூச்சடைக்கும். இரண்டு பக்கமும் சுவர்.

1993 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 1519 வகுப்புகளுக்கு முடிவு கட்டியது. எழுதியவர்கள் நால்வர்: வின்ஸ் ஃபுல்லர், டோனி லி, ஜெசிகா யூ, கண்ணன் வரதன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்தப் பாடத்தை நடத்தும்போது அந்த நான்காவது பெயரையும் ஆசிரியர்கள் பலகையில் எழுத வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் செய்தது கேட்பதற்கு எளிது. எங்கே வெட்டுவது என்பதை முகவரியின் முகப்பிலிருந்து பிடுங்கி எடுத்து, முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு எழுதிவிட்டார்கள். சாய்கோடு 21 என்றால் முதல் 21 பிட்டுகள் வலையமைப்பு. மீதி 11 பிட்டுகளில் 2,048 முகவரிகள். அந்த 2,000 கணினி நிறுவனத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். ரவுட்டரில் ஒரே வரி. மூன்று சல்லடைகள் போய் முப்பத்திரண்டு வந்தன. பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளைச் சேர்த்து ஒரே வரியாக அறிவிக்கவும் முடிந்தது. ஒரு சேவை நிறுவனம் தன் ஆயிரம் வாடிக்கையாளர்களையும் வெளியுலகுக்கு ஒற்றை வரியில் சொல்லிவிடலாம். 1994 முதல் ரவுட்டர்கள் இந்தப் புதிய முறைக்கு மாறின. இணையம் பிழைத்தது இதனால்தான்.

தேதிகளைக் கவனியுங்கள். வகுப்பு முறை 1993இல் முடிந்தது. அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15. நம் நாட்டின் பொது இணையம் வகுப்புகளின் கீழ் ஒரு நாள்கூட ஓடியதில்லை. ஆனாலும் கணினி வலையமைப்புத் தாளில் "இந்த முகவரி எந்த வகுப்பு?" என்ற கேள்வி வருடாவருடம் வந்துகொண்டிருக்கிறது. மாணவர்கள் 126 (127தான் சோதனைக்குப் போய்விட்டதே), 191, 223 என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். அது ஒரு காலத்தின் விடை என்றும், அந்த விடை ஏன் கைவிடப்பட்டது என்றும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பாடத்துக்கு உயிர் வரும்.

செத்துப்போன முறையின் எலும்புகள் நம் வீடுகளிலேயே கிடக்கின்றன. தூத்துக்குடி பாளை ரோட்டில் ஒரு கடையின் மோடத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 192.168 என்று தொடங்கும் எண் ஒட்டியிருக்கும். 1996இல் ஆர்.எஃப்.சி. 1918 உறுதிசெய்த தனியார் முகவரி அது. யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே செல்லாது. அப்படி ஒதுக்கியவை மூன்று. 10 என்று தொடங்குவது: ஒரு முழு கிளாஸ் ஏ. 172.16 முதல் 172.31 வரை: பதினாறு கிளாஸ் பி. 192.168: 256 கிளாஸ் சி. வகுப்புக்கு ஒன்றாக எடுத்து ஒதுக்கியிருக்கிறார்கள். விண்டோஸ் கணினியில் முகவரியைக் கையால் பதியும்போது 10 என்று தொடங்கினால் அடுத்த கட்டத்தில் 255.0.0.0 என்று தானாக விழும். 192 என்று தொடங்கினால் 255.255.255.0 விழும். ஆர்.எஃப்.சி. 791இன் வெட்டுக்கோடுகள் அந்தக் கட்டத்துக்குள் இன்னும் வாழ்கின்றன.

தனியார் முகவரி வெளியே செல்லாதென்றால் கடையிலிருந்து எப்படி யூடியூப் பார்க்கிறார்கள்? மோடம் எல்லாருக்காகவும் ஒரு பொது முகவரியில் பேசி, பதில் வந்ததும் யாருடையது என்று பிரித்துக் கொடுக்கிறது. நாட் என்று இதற்குப் பெயர். 1994இல் இதை விவரித்து எழுதினார்கள். அது ஒரு தற்காலிக ஒட்டு. ஒட்டு போட்ட இடத்திலேயே மேலும் மேலும் ஒட்ட வேண்டியதாயிற்று. 2011 பிப்ரவரி 3 அன்று உலகத் தலைமைப் பதிவகம் கடைசி ஐந்து பெரிய தொகுதிகளையும் ஐந்து கண்டப் பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டது. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஆசிய–பசிபிக் பதிவகமான ஏ.பி.என்.ஐ.சி. தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. கண்டங்களில் முதலில் வறண்டது நம்முடையது. அன்றுமுதல் ஒரு நிறுவனத்துக்கு அதிலிருந்து அதிகபட்சம் 1,024 முகவரிகள், பின்னாளில் 512. ஒரு காலத்தில் கார் கம்பெனிக்கு 1.67 கோடி கொடுத்த உலகம் இது.

அதனால் சேவை நிறுவனங்களும் நாட் போடத் தொடங்கின. 2012இல் அதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை ஒதுக்கினார்கள். தூத்துக்குடியில் புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்குபவர், மோடத்தின் வெளிப்பக்க முகவரி இந்த வரிசையில் இருந்தால் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: தெருவே, சில சமயம் ஊரில் பாதியே, ஒரு பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறது. படம் பார்க்க, பணம் அனுப்ப இது தடையில்லை. ஆனால் முத்தையாபுரத்து உப்பு குடோனில் வைத்த கேமராவை வெளியூரிலிருந்து நேராகப் பார்க்க முடியாது. யாரோ ஒருவருடைய சர்வரைச் சுற்றித்தான் வர வேண்டும். துறைமுகத்தில் சரக்கு முகவர் அலுவலகம் வைத்திருப்பவர் தன் சொந்த சர்வரை வெளியுலகுக்குத் திறக்க நினைத்தால் 'ஸ்டாடிக் ஐ.பி.' என்று தனிக் கட்டணம் கட்ட வேண்டும். இணையம் பிறந்தபோது எந்த இரண்டு கணினியும் ஒன்றையொன்று நேராகக் கூப்பிடலாம் என்பதே அதன் உயிர். பிந்தி வந்த கரைகளுக்கு அந்த உரிமை வாடகைக்குக் கிடைக்கிறது. இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன். திட்டமிட்ட அநியாயம் அல்ல. 213 கணினிகள் இருந்த உலகில் கணக்குப் போட்டவர்கள், ஸ்பிக் நகரிலும் காயல்பட்டினத்திலும் ஆளுக்கொரு போன் இருக்கும் என்று எப்படி நினைத்திருக்க முடியும்?

நிரந்தர வழி ஐ.பி.வி.6. வரையறை 1995 டிசம்பரில் வந்து 1998இல் திருத்தம் பெற்றது. முகவரி 128 பிட்டுகள். 1977இல் ஒரு தரப்பு கேட்டு நடக்காமல் போன அதே நீளம். 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி-யைத் தொடங்கியபோது அந்தப் புதிய முகவரிகளையே பெருமளவில் நம்பி இறங்கியது. அதற்குப் பின் இந்தியா உலகில் ஐ.பி.வி.6 அதிகம் புழங்கும் நாடுகளின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. பழைய முகவரி கையில் இல்லாதவர்களே புதியதற்கு முதலில் ஓடினார்கள். போனில் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு இந்நேரம் ஒரு பொது முகவரி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஐ.பி.வி.6இலும் ஒருமுறை சல்லடை செய்யப் பார்த்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1998இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2374, முகவரியின் முன்பகுதிக்குள் நிலையான கோடுகளைக் கிழித்தது. மேல்நிலை நிறுவனங்களுக்கு 13 பிட்டுகள், அதாவது உலகத்துக்கு 8,192 பேர் மட்டும். அவர்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 24 பிட்டுகள். வாடிக்கையாளர் வளாகத்துக்கு 16 பிட்டுகள். யார் மேல்நிலை, யார் கீழ்நிலை என்பதை எண்ணுக்குள்ளேயே செதுக்கிவிடும் ஏற்பாடு அது. ஐந்து ஆண்டுகள் விவாதித்து, 2003 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 3587 மூலம் அதைக் கைவிட்டார்கள். முன்பகுதியை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். அந்தந்தக் கண்டத்துப் பதிவகங்கள் தேவையைப் பார்த்து முடிவுசெய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நடுவில், 64ஆவது பிட்டில், ஒரே ஒரு கோடு மட்டும் நிற்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது வீட்டுக்குள் இருக்கும் கருவிக்கு. அந்தக் கோட்டையும் நகர்த்தலாமா என்று பொறியாளர்கள் இப்போது விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.